புள்ளி வைத்த வரிகள்

“அந்தப் பாட்டுப் பதியற மிஷினை வெளியிலயே வச்சிட்டு வரச் சொல்லு.”

மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுத்துவிட்டு வந்த ஈரம் சேலையில் இன்னும் காயவில்லை.

“எங்க காலேஜ் சார் அத்தை. மறுபடியும் பாட்டும் கதையும் கேட்டு வந்திருக்காரு. நம்ம மலைப்பாட்டை எல்லாம் ஆராய்ச்சி பண்ணி, நம்மளைப் பத்தி உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரு,” என்று மருமகள் கெஞ்சினாள்.

“சொன்ன லட்சணந்தான் தெரியுதே!”

பத்து வருடங்களுக்கு முன் இதே பேராசிரியர் வந்து, மூன்று நாள் மாமியாரைப் பாடவைத்துப் பதிந்துகொண்டு போனார். புத்தகம் வந்தது, அவருக்குப் பரிசும் வந்தது. போன மாதம் வன அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘நீங்கள் நிலையாக வாழாமல் அலைந்து திரிந்தவர்கள். இங்கே உங்களுக்கு உரிமையில்லை. காலி செய்யவும். ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வரவும்.’ ஆதாரம் என்று அதில் காட்டியிருந்தது அந்தப் புத்தகத்தைத்தான்.

பேராசிரியர் மிஷினை வாசலில் வைத்துவிட்டுச் சிரித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். மாமியார் புத்தகத்தை மருமகளின் மடியில் போட்டாள்.

“என் பாட்டை வாசி.”

வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் தயங்கினாள்.

“இங்க வெறும் புள்ளியா வச்சிருக்கு அத்தை. கீழ... ‘இடப்பெயர்கள், சுவை கருதி நீக்கப்பட்டன’ன்னு போட்டிருக்கு.”

அவள் குரல் இறங்கிவிட்டது. இந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் தேர்வில் முதலாவதாக வந்தாள். புள்ளிகள் அன்று கண்ணில் படவே இல்லை.

“வெறும் பாறை பேரு, ஓடை பேரும்மா. படிக்கிறவங்களுக்கு அலுத்துப்போகும்,” என்றார் பேராசிரியர்.

“அது எங்க எல்லை சார். எந்த ஓடை வரைக்கும் எந்தக் குடும்பம்னு சொல்ற இடம். அதை வெட்டிட்டா அப்புறம் நாங்க அலைஞ்சவங்கதானே?” என்றாள் மாமியார்.

“தெரியாம நடந்துபோச்சு.”

மாமியார் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கைல எழுதுங்க. இன்னைக்குக் கதை கிடையாது. பேரு மட்டுந்தான் பாடுவேன்.”

ரெட்டைப் பாறை, கரடி குளிச்ச மடு, இடி விழுந்த மேடு என்று பாட்டு ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. நாலாவது பக்கத்தில் பேராசிரியர் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“மிச்சத்தை அடுத்த வாரம் வச்சுக்கலாமே...”

மருமகள் அவர் மடியிலிருந்த நோட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு குனிந்தாள். வெயில் சாயும்வரை தலை நிமிரவில்லை.

“முடிஞ்சுது அத்தை. விசாரணைக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

மாமியார் முகத்தில் சந்தேகம் துளியும் குறையவில்லை.

“இரு. எழுதினதை வாசி. முதல்லேர்ந்து.”