கல் போட்ட டின்

வேலை முடிந்து மீந்த வார்னிஷைத் திருடிவிட்டு, குறைந்த அளவை மறைக்க டின்னில் கூழாங்கல்லைப் போட்டு வைத்தானாம் ஆசாரி ஆவுடையப்பன். வீட்டுக்காரன் சோலையப்பன் தெருவில் நின்று சொன்னதை, கீரமங்கலம் சந்தையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு மாதமாக ஆவுடையப்பனை எவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

இன்றைக்குக் கூப்பிட்டதும் அதே சோலையப்பன்தான். நாலு நாளில் மகளுக்குக் கல்யாணம். வாசலின் இரட்டைக் கதவு வெளுத்துக் கிடந்தது. யுத்தம் வந்தபிறகு கடையில் வார்னிஷ் இல்லை. இருப்பது அந்த ஒரு டின்தான். மற்ற ஆசாரிகள் அதைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

ஆவுடையப்பன் மூடியைத் திறந்தான். வார்னிஷின் மேல் செருப்புத்தோல் தடிமனுக்கு ஆடை கட்டியிருந்தது.

"கல்லை எடுத்தது யாருங்க?"

"நான்தான். திருட்டுக்குச் சாட்சி வேணாமா?"

"காத்துப் பட்டா வார்னிஷ் தோல் கட்டிரும். கழுவின கல்லைப் போட்டா மட்டம் வாய் வரைக்கும் ஏறும், காத்துக்கு எடமிருக்காது. ஒங்க பொருளைக் காப்பாத்தத்தான் போட்டேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சோலையப்பன் செருமினான். "சரிப்பா, தெரியாமச் சொல்லிட்டேன். வேலையைப் பாரு."

"திருடன்னு தெருவுல சொன்னீங்க. இதை வீட்டுக்குள்ள சொல்றீங்க."

சோலையப்பன் கூடத்துக்குள் போய்விட்டான்.

ஆவுடையப்பன் ஆடையை விளிம்போடு கத்தியால் அறுத்து, உடையாமல் தூக்கிப் போட்டான். டின்னை வெந்நீரில் வைத்து இளக்கினான். டர்பன்டைன் கொஞ்சம் விட்டுக் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினான். பாதிகூடத் தேறவில்லை. ஒரு கதவைப் பூசி முடித்ததும் டின்னை மூடாமல் வெயிலில் வைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்தான்.

சோலையப்பன் வெளியே வந்தான். "இன்னொரு கதவு?"

"தெருவுல சொல்லுங்க, பூசுறேன்."

"அதுக்குள்ள காஞ்சிருமேய்யா!"

"காயட்டும்."

எதிர்வீட்டு மூக்காயி முறத்தோடு வந்து நின்றாள். வண்டியோட்டி வந்த இரண்டு பேர் மாட்டை நிறுத்தினார்கள். டின்னுக்குள் மெல்லிய சுருக்கம் விழத் தொடங்கியது. ஆவுடையப்பன் மூடியைக் கையில் எடுத்து, திரும்பக் கீழே வைத்தான். எழவில்லை.

"ஆசாரி திருடலை!" சோலையப்பன் கத்தினான். ஏசுகிற குரல்தான். "கெட்டுப்போகாம இருக்கத்தான் கல்லு போட்டான்! போதுமா?"

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள் மூக்காயி. "சந்தையில சிரிச்சவுகளுக்கு எட்டுச்சோ என்னமோ."

"நாங்க சந்தைக்குத்தான் போறோம்," என்றான் வண்டிக்காரர்களில் ஒருவன்.

ஆவுடையப்பன் எழுந்தான். சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு, மேலிருந்து இரண்டாவது கதவைப் பூசினான். டின்னைக் கவிழ்த்தும் வழித்தும் பார்த்தான். முழங்கால் உயரத்துக்குக் கீழே மரம் வெளுத்தபடியே நின்றது.

சோலையப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.