தறிக்குழிக்கு ஒரு சீட்டு

பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சரம் வீடு கட்டுகிறார் என்பது ஊருக்கே தெரியும். தெரியாமல் இருக்க அவர் விடவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் மாடிப்படி பேச்சு, நெசவாளர் சங்கத்துக்குப் போனால் வாசல் வளைவு பேச்சு. நாற்பது வருஷம் பட்டு நெய்த மனிதர். கரையும் உடலும் தனித்தனி நிறத்தில் வரும் கோர்வைச் சேலை என்றால் கடைக்காரர்கள் அவர் பெயரைத்தான் கேட்பார்கள். ஆனால் இரண்டு வருஷமாக முட்டி மக்கர் பண்ணுகிறது. தறிக்குக் கீழே இருக்கும் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க முடியவில்லை. தறியில் உட்காருவது இப்போது அவர் மனைவி நீலாம்பாள். முன்பு அவள் உட்கார்ந்த பக்கவாட்டு இடத்தில் அவர் உட்கார்ந்து, கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறார். இதைத் தெருவில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புடவையை மடித்துக் கடைக்கு எடுத்துப் போவது மட்டும் இன்றைக்கும் அவர்தான்.

வீடு கட்டுகிற கான்ட்ராக்டர் கலையரசி. தனசேகரன் மேஸ்திரியின் மகள், சிவில் படித்தவள், வயது முப்பத்தைந்து. அவள் ஸ்கூட்டியில் எப்போதும் ஒரு ரசமட்டமும், கார்பன் தாள் வைத்த ஒரு சீட்டுப் புத்தகமும் இருக்கும். முதல் நாளே அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள்.

“பாதியில எதனா மாத்தணும்னா இதுல எழுதணும் ஐயா. இன்னா மாத்தணும், யாரு கேட்டாங்க, எத்தினி நாள் தள்ளும். கீழ கையெழுத்து.”

பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எங்கிட்டயா? தறியில பாவு நூலு ஏத்தினப்புறம் கலரு மாத்துன்னு கடைக்காரன் வந்தா நானு உள்ளயே விட மாட்டேன். ஒரு தபா சொன்னா சொன்னதுதாம்மா.”

அஸ்திவாரத்தில் ஈரம் காய்வதற்குள் முதல் சீட்டு எழுதியாயிற்று. வெளியே இருந்த மாடிப்படி உள்ளே வந்தது. எதிர்வீட்டுத் தேவேந்திரன் உதட்டைப் பிதுக்கியதும் அது மறுபடி வெளியே போனது. பூஜை அறை இரண்டு முறை திசை மாறியது. சீட்டு ஐந்து, சீட்டு நான்கை ரத்து செய்வதற்காக மட்டுமே எழுதப்பட்டது. வாசலுக்கு வளைவு வந்தது, வளைவுக்கு மேல் மயில் வந்தது, ஒரு மயில் தனியாக நிற்கிறதே என்று இன்னொரு மயிலும் வந்தது. இத்தனைக்கும் நடுவில் நீலாம்பாளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், கேட்டார். மயில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவள் பதில் சொல்லும் முன் அவரே முடிவு செய்துவிட்டார்.

பதினோராவது சீட்டில் கலையரசி ஒரு வரி சேர்த்தாள்: ‘இத்துடன் பஞ்சாட்சரம் அவர்கள் எந்த மாற்றமும் கேட்கமாட்டார்.’ ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம். அதே நாளில் வாடகை வீட்டைக் காலி செய்து தறியை இங்கே கொண்டுவர வேண்டும். கடையில் ஒப்புக்கொண்ட கல்யாணப் புடவை ஒன்று காத்திருக்கிறது. பஞ்சாட்சரம் இனிஷியலோடு முழுக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து தேவேந்திரன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், எலக்ட்ரீஷியன் சத்யராஜ் ஏணி மேல் நின்றுகொண்டு கேட்டான். “ஐயா, தறிக்கு மேல லைட்டு பாயிண்ட் எங்க வெக்கட்டும்?”

இடம் காட்டக் கையைத் தூக்கிய பஞ்சாட்சரம் அப்படியே கீழே பார்த்தார். முன் அறை முழுக்க கிராவல் கொட்டிச் சமமாக இடித்து வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. நாளைக் காலையில் தரைக்குக் கான்கிரீட். குழியைக் காணோம்.

தொடக்கத்தில் கலையரசி கேட்கத்தான் செய்தாள், தறி எங்கே வருகிறது என்று. “அது எங்கம்மா போயிடப்போவுது? அது பாட்டுக்கு இருக்கும்” என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். நெசவுக்காரன் வீட்டில் தறிக்குழி இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ரெண்டு மயிலுக்கு இடம் சொன்னவர் சோறு போடுகிற தறிக்கு இடம் சொல்லவில்லை. கான்கிரீட் போட்டுவிட்டால் உடைக்க வேண்டும், முகூர்த்தம் தள்ளும், புடவையும் தள்ளும். இப்போதே கேட்கலாம் என்றால், கொடுத்த வாக்கு கார்பன் பிரதியோடு இருக்கிறது.

கலையரசி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

“ஏம்மா கலை, இந்த ரூமு ரொம்ப லெவலா இருக்குது இல்ல?”

“ரசமட்டம் வெச்சி பாத்தது ஐயா. கோலிகுண்டு வெச்சாகூட உருளாது.”

“அதான் பாக்கிறேன். எங்கியாச்சும் கொஞ்சம் பள்ளம் இருந்தா...”

“பள்ளம் இருந்தா தண்ணி நிக்குமே ஐயா.”

“தண்ணி நிக்காத பள்ளம்மா.”

“அப்டி ஒண்ணு நானு பாத்ததே இல்லியே,” என்றாள் கலையரசி, முகத்தை மிகவும் பவ்யமாக வைத்துக்கொண்டு. ஏணி மேலிருந்த சத்யராஜுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அதற்குள் நீலாம்பாள் தூக்கில் காபியோடு வந்து நின்றாள். பஞ்சாட்சரம் அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். இனி சுற்றி வளைக்க முடியவில்லை.

“தறிக்குழிய மறந்துட்டேம்மா. நாப்பது வருசம் அதுலயே உக்காந்துக்கினு இருந்தவன், அதையே மறந்துட்டேன். இன்னா எழுதணுமோ எழுதிக்கோ.”

கலையரசி கேலியை நிறுத்தினாள். சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி அவரிடம் நீட்டினாள். பன்னிரண்டாவது சீட்டு ஏற்கெனவே எழுதியிருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. முன் அறையில் கிழக்கு ஜன்னலடியில் தறிக்குழி. கேட்டவர்: நீலாம்பாள். தள்ளும் நாள்: இல்லை. கீழே குண்டு குண்டாக அவள் கையெழுத்து.

ஆட்கள் சிமென்ட் மூட்டைகளை நகர்த்தி, அடியில் மூடியிருந்த பலகையை எடுத்தார்கள். நான்கு பக்கமும் செங்கல் கட்டிப் பூசிய குழி அங்கே இருந்தது.

“கேக்கமாட்டேன்னு எழுதினது உங்க பேருல ஐயா,” என்றாள் கலையரசி. “அம்மா பேருல இல்லியே.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா நீலா?”

“சொன்னா அதையும் மாத்துவீங்கோ,” என்றாள் நீலாம்பாள்.

போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் பஞ்சாட்சரம் சுவரைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தார். பாதம் சட்டென்று தரை தட்டியது. முட்டி இரண்டும் மார்பை நோக்கி எழும்பி நின்றன.

“ஆழம் பத்தலியே.”

“அம்மா கால வெச்சி அளந்தது. உங்க காலுக்கு இன்னும் நாலு வெரக்கட தோண்டணும்னா இப்பவே சொல்லிடுங்க.”

நீலாம்பாள் தூக்கின் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். வாடகை வீட்டுக் குழி அவர் காலுக்குத் தோண்டியது. அவள் கால் எட்டாமல், மிதியின் மேல் ஒரு மரத்துண்டைக் கட்டி வைத்துக்கொண்டு, விளிம்புக்கு நகர்ந்து நகர்ந்து மிதிக்கிறாள். இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“வேணாம்மா. அளவு சரியா இருக்குது,” என்றார். “லைட்ட அவளுக்கு எங்க வேணுமோ அங்க வை சத்யராஜு.”

எழுந்திருக்கக் கை கொடுத்த கலையரசியின் கையை அவர் விடவில்லை. “ஆனா ஒண்ணு.”

கலையரசி பெருமூச்சு விட்டாள்.

“குழிக்குப் பக்கத்துல முக்கா அடி உசரத்துக்கு ஒரு சின்ன மேட. கால நீட்டிக்கினு கோர்வ நாடா தள்ளுற மாதிரி.”

“யாருக்குன்னு எழுதட்டும் ஐயா?”

இரண்டாவது மயிலைப் பார்க்க வந்த தேவேந்திரன் சரியாக அப்போது வாசலில் வந்து நின்றார். பஞ்சாட்சரம் அவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

“எனக்குத்தான். ரெண்டு வருசமா நெய்யுறது இவ. நானு பக்கத்துல ஒக்காருறவன்.”

கலையரசி அதை அப்படியே எழுதினாள். “கையெழுத்து நீங்க போட முடியாதே.”

“தெரியும்,” என்று பேனாவை மனைவியிடம் நீட்டினார். “நீலா, நீ போடேன்.”

நீலாம்பாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சீட்டை ஒரு தடவை படித்தாள். யாருக்கு என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

“எத்தினி நாள் தள்ளும்?”

“அர நாள்மா.”

“பரவால்ல,” என்று கையெழுத்துப் போட்டாள்.

தேவேந்திரன் மயிலை அண்ணாந்துகூடப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் வேகமாக நடந்தார். பஞ்சாட்சரம் அவரைக் கூப்பிடவில்லை.