பருத்திக் கிடங்கின் ஒன்பதாம் அத்தியாயம்

வானொலிக்கு வந்த அந்த அழைப்பை ஹிந்தாத்து தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடி கேட்டாள். அவளுடைய நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தை அறிவிப்பாளர் லந்தானா அப்போதுதான் வாசித்து முடித்திருந்தாள். வில்லன் ஊர்ப் பருத்திக் கிடங்கில் அடைத்துவைத்த கதாநாயகி ஜுமாய், மூட்டைகள்மேல் ஏறி, கூரையடி ஜன்னல் வழியாகக் குதித்து, காத்திருந்த காதலனின் மோட்டார் சைக்கிளில் பறந்துவிடும் அத்தியாயம்.

"என் பேரு சாகிரு. பதினோரு வருஷமா அந்தக் கிடங்குக்கு நான்தான் காவல். அம்மா நல்லா எழுதுறாங்க, ஒரு வாரம்கூட விட்டதில்ல. ஆனா இது பச்சப் பொய். அங்க போட்டுப் பூட்டினா பூனகூட வெளிய வராது."

லந்தானா சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் போட்டுவிட்டாள்.

மறுநாள் சந்தைக்குப் போனால் வெங்காயக்காரிகள், "பூன அக்கா, இன்னிக்கு எந்த ஜன்னல்?" என்றார்கள். புத்தகம் போடுவதாகச் சொல்லியிருந்த கானோ நகரத்துப் பதிப்பாளர், "நம்புற மாதிரி மாத்தி எழுதுங்க, பாக்கலாம்" என்று செய்தி அனுப்பினார். விவாகரத்துக்குப் பிறகு அவளைத் தன் வீட்டில் வைத்திருந்த அண்ணன் மன்சூர், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஊரு சிரிக்குதும்மா. போதும் இந்த எழுத்து" என்றான்.

அன்று மாலையே அவள் வானொலிக்குப் பேசினாள். "சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் என்ன அந்தக் கிடங்குல போட்டுப் பூட்டுங்க. சாயங்காலம் அஸர் பாங்குக்குள்ள வெளிய வரேன்."

"வரலேன்னா?" என்றாள் லந்தானா.

"வரலேன்னா எழுதுறத விட்டுடறேன்."

அப்படிச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. ஆனால் ஒலிபரப்பில் போய்விட்டது.

சனிக்கிழமை கிடங்கு முன்னால் திருவிழாக் கூட்டம். கோசை வடை பொரிக்கிறவள் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளிப் பெண்கள் ஜுமாய் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சாகிருவை அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். நெட்டையான ஆள்; மனைவி இறந்து மூன்று வருடம் என்று லந்தானா காதில் சொன்னாள். பூட்டைக் கையில் எடுத்தவன் தாழ்ந்த குரலில், "பயமா இருந்தா கதவத் தட்டுங்கம்மா, உடனே தொறந்துடறேன்" என்றான்.

"அத உங்க பூனகிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

கதவு மூடியதும் சத்தமெல்லாம் தூரமாகிவிட்டது. அவள் ஹிஜாபை இடுப்பில் செருகிக்கொண்டு மூட்டைகள்மேல் ஏறினாள். இரண்டு முறை சறுக்கினாள். ஜுமாய் ஒரே பத்தியில் ஏறியிருந்தாள். ஹிந்தாத்துக்கு அரை மணி பிடித்தது. உச்சியில் கையை நீட்டியபோது விரல்களில் இரும்பு பட்டது. கம்பிகள். சிறு வயதிலிருந்து பின்பக்கச் சாலையில் நின்றே பார்த்த ஜன்னல். கம்பி இருப்பது கீழிருந்து தெரிந்ததில்லை. உலுக்கினாள், துரு உதிர்ந்ததே தவிர ஒன்றும் அசையவில்லை. இனி எழுத முடியாது. அவள் அழவில்லை, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கீழே, கிடங்கின் பின்பக்கம், யாரோ இருமினார்கள். சாகிரு அண்ணாந்து நின்றான்.

"எறங்கிடுங்கம்மா. உள்ள சத்தமே இல்லியேன்னு மனசு கேக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு மைக்குல சொல்லிடறேன்."

"கம்பி இருக்குன்னு தெரிஞ்சுதானே பேசாம இருந்தீங்க?"

"எழுதுறதயே விட்டுடறேன்னு சொல்வீங்கன்னு நான் கண்டனா?" அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "பத்தாம் அத்தியாயத்துல ஜுமாய்க்கு என்ன ஆகும்னு நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

"அப்ப வழி சொல்லுங்க."

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "வடக்குச் செவுத்துல கிழிஞ்ச சாக்கு குவிஞ்சிருக்கும். பின்னால ஒரு தகரக் கதவு. அந்தக் காலத்துல குப்பை தள்ள வெச்சது. தாழ்ப்பாள் உங்க பக்கம். எனக்கும் செத்துப்போன பழைய காவல்காரருக்கும் மட்டும்தான் தெரியும். சீக்கிரம், பாங்குக்கு நேரமாச்சு!"

அவள் இறங்கவில்லை, உருண்டாள். சாக்குகளை இரு கையாலும் வாரி எறிந்தாள். தாழ்ப்பாள் வந்துவிட்டது, கதவு வரவில்லை. உள்ளே அவள் தோளால் முட்ட, வெளியே அவன் இழுக்க, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லும் முஅத்தின் தொண்டையைக் கனைத்தார். "இன்னொரு தடவ!" என்றான் அவன். கீல் கிறீச்சிட்டுப் பெயர்ந்தது. தவழ்ந்து வெளியே வந்தாள். அவன் ஒரு பக்கமாக ஓட, அவள் மறுபக்கமாக ஓடினாள். கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் அவள் வந்து நின்றபோது, முதல் "அல்லாஹு அக்பர்" எழுந்தது.

கோசைக்காரிதான் முதலில் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு அலறினாள். பாங்கு முடியும்வரை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். முடிந்ததும் ஊரே அவளைச் சூழ்ந்துகொண்டது.

"எப்படி வந்தீங்க? ஜன்னல் வழியாவா?" லந்தானா மைக்கை நீட்டினாள்.

ஆமாம் என்றால் அத்தியாயம் பிழைத்துக்கொள்ளும். ஹிந்தாத்து மூச்சு வாங்கினாள்.

"இல்ல. ஜன்னல்ல கம்பி இருக்கு, நான் எழுதினது தப்பு. காவல்காரர்தான் பின்னால வந்து வேற வழி சொன்னாரு. கதவ இழுத்ததும் அவர்தான்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"எதிர்த்துப் பேசினவனே வழி சொன்னானாம்! யாரு நம்புவா இத?"

"ஜன்னலே தேவல அக்கா, அதாச்சும் நடக்கிற மாதிரி இருந்துச்சு!"

"சத்தியமா நான்தான் சொன்னேன்" என்றான் சாகிரு.

"தோத்தவன் மானத்தக் காப்பாத்திக்கறான், பாவம்!" என்று ஒருத்தி சொல்ல, இன்னும் பெரிய சிரிப்பு. மன்சூர்கூட அவளை ஓரமாக இழுத்து, முகமெல்லாம் பூரிக்க, "ஜன்னல்தானே? அண்ணங்கிட்டயாவது உண்மையச் சொல்லு" என்றான்.

"கதவத் தொற, ஜன்னலப் பாக்கணும்!" என்று எல்லோரும் கத்தினார்கள். சாகிரு பூட்டைத் திறந்தான். மன்சூர், லந்தானா, பள்ளிப் பெண்கள் என்று மொத்தக் கூட்டமும் முட்டி மோதி உள்ளே பாய்ந்தது.

வாசலில் இரண்டு பேர்தான் மிச்சம். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அவன் அவளைப் பார்த்தான். அவளுடைய ஹிஜாபில், நெற்றிக்கு மேல், ஒரு கைப்பிடிப் பஞ்சு ஒட்டியிருந்தது. அவன் கை உயர்ந்தது, பாதியில் நின்றது. கையைத் திருப்பி, தன் நெற்றியைத் தொட்டு, இங்கே என்று காட்டினான். அவள் வேறு பக்கம் தட்டினாள். அவன் சிரித்துவிட்டு மறுபடியும் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.