வாசித்து முடித்த பிறகு

கிராப் வாடகைக் காரிலிருந்து இறங்கிய தாமரை அப்பா வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடாரம் போட்டு, நாற்காலிகள் வரிசையாகப் பரப்பி, தெருக்காரர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இரவு கச்சேரி முடிந்து போனைத் திறந்தபோதுதான் தம்பி ரிஷியின் செய்தி கிடைத்தது. "க்கா, அப்பா போயிட்டாரு. கிள்ளான் வீட்டுக்கு வா." இப்போதுதான் போயிருக்கிறார் என்று நினைத்து வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருந்தாள்.

உள்ளே பெட்டியில் அப்பா. ரெங்கசாமி, துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். அவர்மேல் கிடந்த மாலைகள் வாடத் தொடங்கியிருந்தன.

"எப்போ அத்தை?"

"காலையிலயே லா, பத்து மணிக்கு" என்றாள் இராஜம்மா அத்தை. "மொதல்ல போய் இந்தக் கச்சேரிக் கறுப்பு உடுப்ப மாத்துமா. எல்லாரும் பாக்கறாங்க."

தாமரைக்கு அழுகை நின்றுபோயிற்று. சமையல்கட்டில் நின்ற ரிஷியிடம் நேராகப் போனாள்.

"ஏன்டா சொல்லல?"

"வாசிச்சு முடிக்கட்டும்னுதான்க்கா. அந்த ஆர்கெஸ்ட்ராவுல சேர எத்தன வருஷம் அலைஞ்ச. மொத கச்சேரி."

"கச்சேரி முடிஞ்சதும் ஆர்கெஸ்ட்ரா மேனேஜர் வந்து என்னைக் கட்டிப் புடிச்சாங்க. அவங்களுக்கும் தெரியுமா?"

"நான்தான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன்."

"அப்பா சொன்னாரா, என்கிட்ட சொல்லாதன்னு?"

ரிஷி பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. நானாத்தான்."

அன்றைய கச்சேரி முழுக்க உக்ரைன் நாட்டு இசை. முதலில் தேவாலயப் பாட்டு, பிறகு காதல் ததும்பும் பழைய இசை, கடைசியில் அங்கே இப்போது நடக்கும் போருக்கு நடுவில் எழுதப்பட்ட புதிய படைப்பு. இசை நடத்தத் தலைநகர் கீவிலிருந்து வந்திருந்த அம்மாள் போரில் தம்பியைப் பறிகொடுத்தவள். தேவாலயப் பாட்டுக்கு முன்னால், "இது இறந்தவர்களுக்கான பிரார்த்தனை. உங்கள் வீட்டில் போனவரை நினைத்து வாசியுங்கள்" என்றாள். தாமரை என்றோ போன அம்மாவை நினைத்துக்கொண்டு, வயலினைவிடச் சற்றுப் பெரிய தன் வியோலாவைத் தோளில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவை நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றும் நினைத்தாள்.

"அத்தன பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்கடா. பல்லக் காட்டிச் சிரிச்சேன். அப்பா இங்க பொட்டியில."

"க்கா, மெதுவா..."

"தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன். இல்ல, தெரிஞ்சே நின்னு அவருக்காக வாசிச்சிருப்பேன். எதுன்னு நான்ல முடிவு பண்ணணும்? நீ யாருடா?"

கூடாரத்தில் பேச்சு அடங்கிவிட்டது. ரிஷிக்கும் குரல் உயர்ந்தது.

"டாக்டர் கூப்பிட்டப்ப நான் மட்டும்தான் நின்னேன். அப்பா உடம்ப வாங்கினப்பவும் நான் மட்டும்தான். உனக்குப் போன் அடிக்க எத்தன தடவ கையில எடுத்தேன்னு தெரியுமா?"

"அடிச்சிருக்கலாம்ல."

அவள் உடுப்பை மாற்றவில்லை. அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தை கொண்டுவந்த தேநீரையும் தொடவில்லை.

மறுநாள் காலை வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மகன்தான் முதலில் என்று யாரோ சொன்னார்கள். ரிஷி அரிசித் தட்டை அக்காவிடம் நீட்டினான்.

அவன் முகத்தைப் பார்க்காமல் தாமரை ஒரு கை அள்ளினாள். அப்பாவின் உதட்டில் போட்டாள். ஒரு மணி உருண்டு, சவரம் செய்யாத தாடியில் சிக்கியது. அதை விரலால் மெல்ல மேலே தள்ளினாள்.

தன் பங்கு அரிசியை அள்ள ரிஷி ஒரு கையை எடுத்தபோது தட்டு சாய்ந்தது. அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. நகர்ந்து போகவும் இல்லை.