முத்தாயியிடம் கேட்கப் போனது

அம்சவள்ளியின் ஆள்காட்டி விரலில் பருத்திக் காய் கீறிய புண் ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. அவள் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி எடுக்கும் பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் தலைமை. யாருடைய காட்டுக்கு என்றைக்குப் போவது, யார் யார் வருவது என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம்.

அவள் கணவன் வீரமுத்து, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காலையில் அவள் ரவிக்கை தோளில் தொளதொளவென்று நழுவுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் வண்டியை எடுத்தார். "ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் சண்முகப்பிரியா ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தடவை பார்த்தார்.

"மாத்திரை இனிமே போதாதும்மா. சர்க்கரையோட மூணு மாசச் சராசரி பதினொண்ணத் தாண்டிடுச்சு. ஏழு பக்கத்துல இருக்கணும். இன்சுலின் ஆரம்பிச்சிடலாம்."

"நான் ஒரு வேளை மாத்திரைகூட விட்டதில்லைங்களே" என்றாள் அம்சவள்ளி. திருடி என்று யாரோ சொல்லிவிட்டதுபோல அவள் முகம் சிறுத்துப்போயிற்று.

"உங்க மேல தப்பே இல்லம்மா. சர்க்கரை வந்து ஒம்பது வருசமாச்சு. உடம்புல இன்சுலின் சுரக்குறது கொறஞ்சுபோச்சு. இருந்த வரைக்கும் மாத்திரை அத வேலை வாங்குச்சு. இப்ப வெளியில இருந்து குடுத்தாத்தான் உண்டு."

"யோசிச்சுச் சொல்றேங்க."

"யோசிங்க. ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க. ஆறு கிலோ எடை கொறஞ்சிருக்கீங்க. பத்து நாள்ல கண்டிப்பா வாங்க. நடுவுல வாந்தி, மயக்கம்னா உடனே வந்துடணும்."

திரும்பும் வழியில் வீரமுத்து ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். சர்க்கரை போடாத டீ இரண்டு சொன்னார். அவர் எப்போதும் மூன்று கரண்டி சர்க்கரை கேட்கிற ஆள்.

"ஊசி வேண்டாங்க" என்றாள் அவள்.

"பயமா இருக்கா?"

"மூணு புள்ள பெத்தவளுக்கு ஊசி என்னங்க பயம்?"

அவர் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் சோறு பாதியானது. காலையில் வெந்தயம், மதியம் கீரை, ராத்திரி கேழ்வரகுக் களி. களி வீரமுத்துவுக்குத் தொண்டையில் இறங்காது. கல்யாணமான புதிதிலேயே அதைச் சொல்லியிருந்தார். இப்போது அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து விழுங்கினார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒரு வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். சர்க்கரை அப்போதும் இறங்காமல் முந்நூற்று நாற்பதில் நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் அவளுடைய விரலுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முத்தாயி ஏன் வேலைக்கு வர்றதில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவளா நின்னுக்கிட்டான்னு நெனச்சேன்."

"நான்தான் நிறுத்துனேன்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் முத்தாயி பருத்திச் செடி வரிசைக்கு நடுவே சாலுக்குள் மயங்கி விழுந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, வாய் குழறியது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் இன்சுலின் போடுகிறவள் என்பது மற்றவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 'உடம்பு சரியாகட்டும், சொல்லி அனுப்புறேன்' என்றாள் அம்சவள்ளி. சொல்லி அனுப்பவே இல்லை.

"ஊசி போடுற ஆள வெயில்ல வச்சுக்கிட்டு என்னால பதில் சொல்ல முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேங்க. இப்ப அதையே எனக்குத் திருப்பிச் சொல்லுவாங்க. சொல்லாட்டியும் நெனப்பாங்க. காட்டுக்குப் போகாம நான் வூட்ல என்ன பண்ணுவேன்?"

வீரமுத்து கட்டை முடிச்சுப் போட்டார். அவள் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

"நாளைக்குக் காலையில அவ வூட்டுக்குப் போவோமா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கறது ஒண்ணுதான, அதையே வச்சுக்கிட்டுப் போவோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முத்தாயி பக்கத்து ஊரில் காலனி வீட்டில் இருந்தாள். அவர்கள் போனபோது காலை ஏழு மணி. வாசலில் மக்காச்சோளத்தைப் பரப்பிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று வீரமுத்துவை மட்டும் கூப்பிட்டாள்.

அம்சவள்ளி நின்றபடியே சீட்டை நீட்டினாள். "எனக்கும் ஊசி போடச் சொல்லிட்டாங்க முத்தாயி."

முத்தாயி சீட்டை வாங்கவில்லை. சோளத்தைக் கையால் தள்ளிக்கொண்டே கேட்டாள். "அப்ப இனிமே யாரு அக்கா ஆள் கூட்டிட்டுப் போவா?"

"உன்ன நிறுத்துனது தப்பு. உன் தலை என் மடியில கெடந்துச்சு, கண்ணு மேல சொருகிக்கிச்சு. நீ செத்துட்டன்னே நெனச்சேன். அந்தப் பயம் என்ன விட்டுப் போகல. அத வெளிய சொல்லாம உன்மேல போட்டுட்டேன்."

முத்தாயியின் கை நின்றது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு வார்த்த திட்டிட்டு வேலைக்கு வந்திருப்பேன். ரெண்டு வருசமா, ஏதோ தொத்து நோய்க்காரி மாதிரி நெனச்சுட்டீங்களேன்னு கெடந்தேன்."

பிறகு முத்தாயி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "உள்ள வாங்க. எனக்கு ஊசி போடுற நேரம். பாத்துட்டுப் போங்க."

மூலையில், மருந்து சூடாகாமலிருக்க ஈர மணல் போட்ட மண்பானைக்குள் ஒரு சின்ன டப்பா இருந்தது. மருந்துப் புட்டியைக் கைக்குள் மெதுவாக உருட்டினாள், அளவை எடுத்தாள், வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்தினாள். பத்து எண்ணி ஊசியை எடுத்தாள். வீரமுத்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்சவள்ளி.

"அவ்வளவுதான். இனி அரை மணிக்குள்ள சாப்பிடணும். நான் விழுந்த அன்னைக்கு வேன் சீக்கிரம் வந்துடுச்சுக்கா. ஊசியப் போட்டுட்டு, காட்டுல போயி சாப்பிட்டுக்கலாம்னு ஓடியாந்தேன். வந்து பாத்தா தூக்குவாளிய வூட்லயே வச்சுட்டேன். கேட்டா உங்க சோத்துல குடுத்திருப்பீங்க. வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்கல. அதுக்கப்புறம் சோளக் காடு, கடலைக் காடு எல்லாம் போயிட்டேன். ரெண்டு தடவ கை நடுங்குச்சு. உடனே சர்க்கரையத் தின்னுட்டு உக்காந்தேன், சரியாப்போச்சு."

பிறகு மூன்று தட்டை எடுத்து வைத்தாள். வீரமுத்து வேண்டாமென்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒங்களுக்காக இல்லண்ணே, ஒங்கள நிக்க வச்சுட்டு நான் திங்க முடியாது" என்று கம்பந்தோசையை வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் காலைக்கும் ராத்திரிக்கும் அளவு எழுதிக் கொடுத்தார். எந்த மாத்திரையைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். நர்ஸ் இரண்டு முறை செய்து காட்டினார். வீரமுத்து எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் முதல் ஊசியைத் தானே போடுவதாகச் சொன்னார். தலைமுடி போன்ற செம்புக் கம்பியை நாள் முழுக்கச் சுற்றுகிற கை அது. அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் போனதும் வெடவெடவென்று ஆடியது. அம்சவள்ளி ஊசியை வாங்கித் தானே போட்டுக்கொண்டாள்.

"ஆச்சா?" என்றார் அவர்.

"ஆச்சு. கண்ணத் தெறங்க."

அந்த வாரமே ஆள் அனுப்பாமல் அம்சவள்ளியே நேரில் போய் முத்தாயியை வேலைக்குக் கூப்பிட்டாள். பருத்திக் காட்டு வரப்பில் எல்லாப் பெண்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"நானும் முத்தாயியும் ஊசி போடுறவங்க. எங்களுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்குனா, என் ஓலைக் கொட்டான்ல சர்க்கரை இருக்கு, கரைச்சுக் குடுங்க. நெனவில்லாமப் போயிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாம ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. இத்தன நாள் மறைச்ச மாதிரி இனிமே யாரும் எதையும் மறைக்க வேண்டாம். பத்து மணிக்கு எல்லாரும் வேலைய நிறுத்திட்டுச் சாப்பிடணும். காட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற ஆண்டாயி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கும் சர்க்கரை நோய் இருக்குதுக்கா. மாத்திரையோட விட்டுட்டாங்க." ஒருத்தி சாலில் இறங்கினாள், மற்றவர்களும் இறங்கினார்கள்.

முத்தாயி ஒரேயடியாக மன்னித்துவிடவில்லை. ஏதாவது பேச்சு முற்றினால் பழைய கதையை எடுத்துவிடுவாள். அம்சவள்ளி மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்வாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் சராசரி எட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்திருந்தது. "இன்னும் இறங்கணும், ஆனா நல்லா வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். விரல் ஆறியிருந்தது. இரண்டு கிலோ எடையும் கூடியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வீரமுத்து போனை எடுத்து முத்தாயியைக் கூப்பிட்டு, சீட்டில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்துக் காட்டினார். அம்சவள்ளி வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் படித்து முடிக்கும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.