தொண்ணூற்று ஒன்று

"அப்போ இனிமே எழும்பவே எழும்பாதா?"

"தெரியலக்கா. இன்னொரு தடவை பார்க்கிறேன்."

"காலையிலேருந்து இதே பாட்டைத்தான் பாடுறே."

அக்கா பிரெயில் பட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. கணினியில் இருக்கும் வரியை அது சிறு ஊசிகளால் புள்ளிகளாக எழுப்பும். அவள் விரலால் படிப்பாள். இப்போது ஊசிகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. வழவழப்பான பரப்பின் மேல் அவள் விரல்கள் கடைசிவரை போய், பழக்கத்தில் அடுத்த வரிக்குத் திரும்பி வந்தன.

பழைய கணினி மூன்று மாதம் முன்பு செத்துப்போனது. புதியதில் இலவச இயங்குதளம் போட்டேன். இந்தப் பட்டையோடு பேசும் நிரல், டிரைவர், அதில் இல்லை. பட்டையைச் செய்த நிறுவனம் விவரம் தர மறுத்தது, பிறகு கடையையே மூடிவிட்டது. நானே எழுத உட்கார்ந்தேன். எந்த எண் எந்தக் கட்டளை என்று தெரியாமல், ஒவ்வொன்றாகப் பட்டைக்கு அனுப்புவேன். அக்கா விரலை வைத்துக்கொண்டு, "இடது ஓரம், மூணாவது ஊசி," என்பாள். குறித்துக்கொள்வேன். அறுபது எண்கள் அப்படித்தான் பிடிபட்டன. முதல் முழு வரி எழும்பிய அன்று அவள் அதையே நான்கு முறை படித்தாள்.

இன்று காலை, அவள் குளிக்கப் போயிருந்தபோது, மிச்ச எண்களை மொத்தமாக ஓடவிட்டேன். தொண்ணூற்று ஒன்று, பட்டையை இயக்கும் நிரல் இருக்கும் அதன் நினைவையே அழிக்கும் எண்.

"இது யாருக்குமே முன்னாடி தெரியாதா?"

"ஆந்தை சொல்லியிருந்தார்."

ஆந்தை, டிரைவர் எழுதுகிறவர்களின் மின்மடல் குழுவில் அந்தப் புனைபெயரில் இருப்பவர். குழுவில் எங்களைத் தவிர இதே வகைப் பட்டை அவரிடம்தான் இருக்கிறது. அவருக்கும் பார்வை இல்லை. 'அறுபதைத் தாண்டாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

"தெரிஞ்சுமா போனே?"

"வரி மாற ரெண்டு நொடி ஆகுதுன்னியே. வேகமாக்குற எண் மிச்சத்துல இருக்கும்னு நினைச்சேன்."

"குறையாவா சொன்னேன்? சும்மா சொன்னேன்டா."

கணினியின் ஒலியைக் கூட்டினேன்.

"கம்ப்யூட்டர்தான் வாய்விட்டுப் படிக்குதேக்கா. கொஞ்ச நாளைக்கு..."

"அது படிச்சா அதோட குரல்தான் கேக்கும். விரலால படிக்கிறப்போ என் குரல் கேக்கும். விடு, உனக்குப் புரியாது."

மாலையில் ஆந்தைக்கு மடல் எழுதினேன். அக்கா கேட்டதால் உரக்கப் படித்தேன். நடந்ததை மறைக்கவில்லை. கடைசி வரியை மட்டும் வேகமாகப் படித்தேன்: 'உங்கள் பட்டையைத் திறந்து, உள்ளே இருக்கும் நினைவைப் பிரதி எடுத்து, எங்களுடையதில் ஏற்ற அனுப்ப முடியுமா?'

"திறந்தா அவரோடதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகலாம். சின்னச் சில்லுலதான் அந்த நினைவு இருக்கு. கை கொஞ்சம் நடுங்கினா போச்சு."

"நம்ம மடலை அவர் எதுல படிப்பார்?"

"அதுலதான்."

அவள் பட்டையை மெல்ல என் பக்கம் தள்ளினாள். என் விரல் அனுப்பும் பொத்தானின் மேல் இருந்தது.

"அந்தக் கடைசி வரியை எடுத்துடுடா."