அண்ணியின் ஒன்றரைச் சாண்

அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டு முன் வராந்தாவில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருத்தரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று கழன்றுகொள்ளக் கூடாது பாருங்கள்.

என்னைக் கட்டிக்கொண்ட உங்கள் தம்பி கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல், கையில் ரம்பத்தோடு. எங்கள் மகள் நிலைப்படியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பக்கத்து வீட்டு லாரிக்காரர், தெருவே ஹாரன் என்று கூப்பிடுகிற அண்ணன், தூணில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொன்னால், "வாரம் பூரா உக்காந்துதானே பொழைக்கிறேன், இங்கயாவது நிக்க விடு தங்கச்சி" என்பார். நான் நாற்காலியில். நீங்கள் ஹாரனிடம் முன்கூட்டிக் கொடுத்தனுப்பி, நேற்று ராத்திரிதான் வந்து இறங்கிய இரண்டு தொட்டிகள் புது ஸ்டாண்டின் மேல் படியில். வினையே அந்த இரண்டால்தான் வந்தது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கிறதே தவிர உங்களுக்குக் கேட்பதில்லை. ஆகவே வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் நீங்கள் எழுதியிருந்தது: "பதினாலு தொட்டி இருக்கிறது. எல்லாம் ஒரே அளவு, வாய் அகலம் ஒன்றரைச் சாண். டேப்பை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, கையால்தான் அளந்தேன். உங்கள் வழியை அடைக்காமல் வராந்தாவில் இதற்கு இடம் இருந்தால் நான் அங்கேயே வந்துவிடுகிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். வெள்ளிக்கிழமை, இந்த வாடகை வீட்டை விடுகிறேனா இல்லையா என்று வீட்டுக்காரருக்கு முடிவு சொல்ல வேண்டும்."

இதை உங்கள் தம்பி நாலு தடவை படித்தார். நீங்கள் செடிகளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அன்று மாலையே மரக்கடைக்குப் போய்ப் பைன் பலகை வாங்கி, ஹாரன் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

பகல் முழுவதும் கடையில் கைக்கடிகாரத்துக்கு மயிரிழை ஸ்பிரிங் மாட்டுகிற மனுஷர். சாயங்காலம் வந்து, அதே பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஆணித் தலை நேராக இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். "மாப்ள, இது ஸ்டாண்டு. இதுக்கு முள்ளு ஓடாது" என்று ஹாரன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்து மாலை வேலை. மூன்று படி. தண்ணீர் வடிய நடுவில் சந்து விட்டு, படிக்கு மூன்று பலகை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூள் நேற்று வரை சர்க்கரை டப்பாவுக்குள்கூட இருந்தது. குறை சொல்லவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

ஸ்டாண்டு வளர வளர வராந்தா சுருங்கிக்கொண்டே போனது. ஆறே கால் அடி நீளம். சுவரிலிருந்து முன்னால் நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. வராந்தா அகலமே ஆறடிதான். பால் வாங்கப் போனால் பக்கவாட்டில்தான் போக முடிந்தது. "அக்கா தொட்டி பெரிசும்மா, என்ன பண்றது" என்று அவர் சொல்லிவிட்டதால் நானும் வயிற்றை எக்கிக்கொண்டு போய்வந்தேன்.

இன்றைக்கு, வார்னிஷ் அடிக்கும் முன் ஒரு தடவை பார்க்கலாம் என்று உங்கள் இரண்டு தொட்டிகளையும் மேல் படியில் தூக்கி வைத்தார். வைத்துவிட்டு வாசலில் இறங்கி நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"ஆட்டம் முடிஞ்ச மைதானத்துல ரெண்டு பேர் மட்டும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள்.

அவளே டேப்பைப் பிடித்தாள். தொட்டி வாய் பத்து அங்குலம்.

"சரியாப் பாரு."

"பத்துதான்ப்பா. நீ எவ்ளோன்னு போட்ட?"

"பதினஞ்சு."

"அத்தை ஒன்றரைச் சாண்னு எழுதினாங்க. உன் சாண் ஒம்பது அங்குலம். உன் கணக்குப்படி பார்த்தாக்கூடப் பதிமூணரைதானே வருது?"

"என் சாணை எதுக்குப் போடறது? அக்கா கை என் கையைவிடப் பெரிசுல்ல. அதான் பத்துன்னு வச்சுக்கிட்டேன்."

அண்ணி, அவர் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. நாங்கள் மூன்று பேரும் சிரிக்காமல் இருந்ததும் அதனால்தான்.

"ஏங்க, போன வருஷம் அண்ணி வந்தப்ப பத்து நாள் எதிரெதிர உக்காந்து சாப்பிட்டீங்களே. கையைப் பார்க்கவே இல்லையா?" என்றேன்.

"பார்த்தேன்மா. ஆனா அளவு போடறப்ப அந்தக் கை ஞாபகம் வரல. சின்னதுல பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல என்னைப் புடிச்சுக்கிட்டு நிப்பாளே, அந்தக் கைதான் வந்துச்சு. என் மணிக்கட்டு முழுசும் அதுக்குள்ள போயிடும்."

ஐம்பத்து நாலு வயது. (வயதை எழுதாதே என்கிறார். எழுதியாகிவிட்டது.) உங்கள் கணக்குப்படி உங்கள் சாண் ஏழு அங்குலம்கூட வரவில்லை. அவர் அந்தத் தொட்டி வாயில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். பிறகு ரம்பத்தை எடுத்துக்கொண்டு வாளியில் உட்கார்ந்தார்.

"நாலேகால் அடியா அறுத்துடறேன். ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும். நீ அக்காவுக்கு, எல்லாம் கச்சிதமா இருக்கு, கெளம்பி வான்னு எழுதிடு."

"இருக்கறதைத்தான் எழுதுவேன்."

"என்னன்னு எழுதுவ? வழியை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னா? அந்த ஒரு வார்த்தையைப் படிச்சா போதும். 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்'னு அங்கயே வீட்டுக்காரர்கிட்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்துடுவா. உனக்கு அக்காவைத் தெரியாது."

எனக்கு உங்களைத் தெரியும் அண்ணி. அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் பலகையில் பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை அதன் மேல் வைத்தும்விட்டார்.

அப்போதுதான் ஹாரன் தூணை விட்டு நகர்ந்தார்.

"நிறுத்து மாப்ள. அறுத்துட்டா அந்த ஆறை எங்க வப்ப?"

"எந்த ஆறு?"

"உங்கக்கா வீட்டு கேட்டு ஓரமா தனியா ஆறு தொட்டி இருக்கே. இது எதுக்கும்மா ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். 'மொத்தம் இருபது. தம்பி வீட்டுல அத்தனைக்கு எடம் எங்க இருக்கும், இதை யாருக்காவது குடுத்துடப் போறேன்'னாங்க. ஒண்ணு மல்லி. அதைச் சொல்றப்ப மட்டும் வேற பக்கம் பார்த்தாங்க."

நாங்கள் கேட்டால் உங்களுக்குக் கேட்காது. ஹாரன் கேட்டால் எல்லாருக்கும் கேட்கும். வசமாக மாட்டிக்கொண்டீர்கள் அண்ணி. பதினாலு என்று எழுதியபோதே ஆறைக் கழித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி அளவைக் கூட்டி வைத்தார், நீங்கள் எண்ணிக்கையைக் குறைத்து எழுதினீர்கள். அக்காவும் தம்பியும் ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை.

உங்கள் தம்பி ரம்பத்தைக் கீழே வைத்தார். "மல்லியைப் போய்க் குடுக்கறதாவது" என்றார்.

பிறகு நான் டேப்பை வாங்கி அளந்தேன். நீளத்தில் கை வைக்க வேண்டியதே இல்லை. ஆறே கால் அடியில் படிக்கு ஏழு தொட்டி தாராளமாக நிற்கும். இடைஞ்சல் எல்லாம் முன்னால் துருத்துவதில்தான். படிக்கு மூன்று பலகையில் ஒன்றைக் கழற்றிவிட்டால் தொட்டியும் நிற்கும், ஸ்டாண்டும் ஒன்றேகால் அடி சுவரோடு ஒதுங்கும். பக்கச் சட்டத்தை மட்டும் அறுத்துத் திருப்பிப் பொருத்த வேண்டியிருந்தது. அது மூன்று மணி வரை பிடித்தது. முடிந்ததும் ஹாரன் ஒரு மூட்டை சிமெண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கதவுக்குமாக மூன்று தடவை நேராக நடந்து காட்டினார். எதிலும் இடிக்கவில்லை. மகளும் சும்மாவே நடந்து காட்டினாள்.

இப்போது நிலவரம் இது. நடக்க மூன்றரை அடி வழி இருக்கிறது. இடைஞ்சல் என்று பார்த்தால், வராந்தா நாற்காலி ஒன்று உள்ளே போகிறது. அதில் இன்றைக்கு நான் உட்கார்ந்ததே அதிசயம், மற்ற நாளெல்லாம் ஈரத் துண்டுதான் உட்கார்ந்திருக்கும். இதைத் தவிர மறைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. நீங்களும் இனிமேல் மறைக்க வேண்டாம். இருபதையும் கொண்டுவாருங்கள். மல்லியை ஹாரன் முன் சீட்டில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். இருபத்தொன்றாவது இடம் எனக்கு. இப்போதே எழுத்தில் வைத்துவிடுகிறேன், நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது.

இடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. நான் சுற்றி வளைத்து எழுதுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம், காலி செய்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, ஏதாவது எழுதப் போகிறார் என்று பார்த்தால், தாளைத் திருப்பிப் போட்டுத் தன் இடது கையை அதன் மேல் விரித்து வைத்துச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டார். சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் கோணல். அதன் மேல் உங்கள் கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறார். வைத்துப் பாருங்கள் அண்ணி. பார்த்ததும் என்ன தோன்றியது என்பதை எனக்கு எழுத வேண்டாம், வந்து அவரிடமே சொல்லுங்கள்.

நாலு மணி லோடுக்கு ஹாரன் உங்கள் ஊர்ப்பக்கம்தான் போகிறார். லாரி கிளம்பி நிற்கிறது, தெருவே அதிர்கிறது. கோந்து தீர்ந்துபோனதால் உறையை மரப் பசை போட்டு ஒட்டுகிறேன். பிரித்தால் பிரியாது, ஓரமாகக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பின்பக்கத்துக் கை கிழியாமல் பார்த்துக் கிழியுங்கள். மகள் வாங்கிக்கொண்டு ஓட, கையை நீட்டியபடி நிற்கிறாள்.